உளவுப் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துக் கருத்து எழுதுவது எப்படி

உளவுப் படம் ஒன்றின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எழுதும் கருத்துகளில் பல, "முதல் பாகம் அளவுக்கு இல்லை" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த வரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதில் இல்லை, ஏன் இல்லை என்பது படிக்கிறவருக்குத் தெரிவதில்லை. முதல் பாகம் பாக்கி வைத்துவிட்டுப் போன கணக்கை இரண்டாம் பாகம் எப்படித் தீர்க்கிறது என்று பார்ப்பதிலிருந்தே இத்தகைய கருத்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இதற்கு எடுத்துக்காட்டாக 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' படத்தை எடுத்துக்கொள்கிறேன். பாண்ட் படங்கள் பெரும்பாலும் தனித்தனிக் கதைகளாகவே வந்துகொண்டிருந்த நிலையில், இந்தப் படம் 2006இல் வந்த 'கேசினோ ராயல்' முடிந்த இடத்திலிருந்தே தொடங்கியது. முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில், முந்தைய பாகத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு எழுதியதன் பலனை நானே அனுபவித்திருக்கிறேன். 'குவாண்டம்' படத்தைத் திரையரங்கில் பார்த்தபோது, காரின் பின்பெட்டியில் அடைபட்டிருக்கும் மனிதர் யார் என்பதே எனக்கு நினைவில்லை. இரண்டு ஆண்டு இடைவெளி அவ்வளவு மறதியைத் தந்துவிடுகிறது. 2013இல் வந்த 'விஸ்வரூப'த்துக்கு இரண்டாம் பாகம் 2018இல்தான் வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், நம் நினைவை மட்டும் நம்பி எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும். மீண்டும் பார்க்கும்போது, விடை கிடைக்காமல் விடப்பட்ட கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 'கேசினோ ராயல்' முடிவில் எனக்கு நான்கு கேள்விகள் கிடைத்தன: பாண்ட் காதலித்த வெஸ்பரைத் துரோகியாக்கியது யார், அவளை ஆட்டிவைத்த அமைப்பு எது, பாண்டுக்கு உதவிவந்து, பின் சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்ட மாத்திஸ் உண்மையில் குற்றவாளியா, அவளது மரணத்துக்குப் பிறகு பாண்ட் மனிதனாகவே எஞ்சுவானா. இரண்டாம் பாகத்தைப் பார்க்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய அளவுகோல் இந்தத் தாள்தான். டிரெய்லர் உங்களுக்குள் கிளப்பிவிட்ட எதிர்பார்ப்பு அன்று.

அடுத்து, படம் உருவான சூழ்நிலையை ஓரளவு தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதைச் சாக்காக மாற்றிவிடாதீர்கள். 2007 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் காலத்திலேயே இந்தப் படத்தின் படப்பிடிப்பு தொடங்கிவிட்டதால், திரைக்கதை முழுமை பெறவில்லை என்பதையும் காட்சிகளை நடிகரும் இயக்குநருமே சரிசெய்ய வேண்டியிருந்தது என்பதையும் பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். முதல் பாகம் 144 நிமிடம் ஓடியது. இது 106 நிமிடத்தில் முடிந்து, பாண்ட் படங்களிலேயே மிகக் குறுகியது என்ற பெயரைப் பெற்றது. சில இடங்களில் கதை மூச்சுவிடாமல் ஓடுவதன் காரணத்தை இந்தத் தகவல் விளக்கும். ஆயினும் நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு அந்த வேலைநிறுத்தத்தோடு எந்த உறவும் இல்லை. திரையில் இருப்பதை வைத்துத்தான் அவர் தீர்ப்புச் சொல்ல முடியும்.

உளவுப் படங்களைப் பற்றிய கருத்துகள் மிகவும் மங்கலாகிவிடுவது சண்டைக் காட்சிகளைப் பேசும்போதுதான். "மிரட்டல்", "பட்டாசு" போன்ற சொற்களை எழுதும் முன், ஒவ்வொரு காட்சியிடமும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பது தெரிகிறதா? அந்தக் காட்சி முடியும்போது கதையில் ஏதாவது மாறியிருக்கிறதா? இத்தாலியின் சியெனா நகரத்துக் காட்சியை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். நகரச் சதுக்கத்தில் பாலியோ என்னும் மரபான குதிரைப் பந்தயம் நடந்துகொண்டிருக்க, அதே நேரத்தில் நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து கூரைகள் வரை துரோகி ஒருவனை பாண்ட் துரத்துகிறான். காவலனாக உடன் இருந்தவனே எதிரியின் ஆள் என்பதால் கதை மாறுகிறது. ஆகவே இரண்டாவது கேள்விக்கு விடை ஆம். முதல் கேள்விக்கோ விடை இல்லை. வெட்டி வெட்டி ஒட்டிய படத்தொகுப்பில், கயிற்றில் தொங்குவது பாண்டா, துரத்தப்படுகிறவனா என்பதை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் என்னால் பிரித்தறிய முடிந்தது. இதற்குக் காரணத்தையும் சொல்ல முடிந்தால் கருத்துக்கு வலு கூடும்: ஜேசன் போர்ன் என்ற உளவாளியைப் பற்றிய 'போர்ன்' வரிசைப் படங்களில் சண்டைக் காட்சிகளை எடுத்த இரண்டாம் குழு இயக்குநர் டான் பிராட்லியே இதிலும் பணியாற்றினார், அந்த வேகம் அங்கே பொருந்தியதுபோல இங்கே பொருந்தவில்லை.

இதே படத்தில் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் ஏரிமேடையில் நடக்கும் காட்சி முற்றிலும் வேறு வகையானது. இத்தாலிய இசையமைப்பாளர் பூச்சினியின் 'டோஸ்கா' இசைநாடகம் நடந்துகொண்டிருக்க, பார்வையாளர்களுக்கு நடுவே ஆங்காங்கே அமர்ந்தபடி, காதில் பொருத்திய கருவிகள் வழியாகச் சதிகாரர்கள் கூட்டம் நடத்துகிறார்கள். பாண்ட் அந்தப் பேச்சுக்குள் நுழைந்து ஒரு வார்த்தை சொன்னதும், பதறி எழுந்து வெளியேறுகிறவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகப் பதிவாகின்றன. பதறாமல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள், முதல் பாகத்திலிருந்து வந்த மிஸ்டர் வைட். அதனாலேயே அவர் மட்டும் தப்புகிறார். ஒரு குண்டும் வெடிக்காமல், எதிரிகளில் யார் கெட்டிக்காரர் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு துப்பாக்கிச் சண்டை வரும்போதும், ஓசையைத் தணித்துவிட்டு மேடை இசையை மட்டும் ஒலிக்க விடுகிறார்கள். இப்படிப்பட்ட காட்சி கிடைத்தால், மற்ற ஐந்து காட்சிகளுக்கு ஒரு வரி வீதம் ஒதுக்கிவிட்டு இதற்கு ஒரு முழுப் பத்தியையே கொடுங்கள். எல்லாவற்றையும் சம அளவில் தொட்டுச் செல்லும் கருத்து யாருக்கும் பயன்படாது.

வில்லனுக்கு என்ன வேண்டும் என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் இரண்டு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால், குறை படத்தினுடையதா, நம் கவனத்தினுடையதா என்று ஆராய வேண்டும். இங்கே டொமினிக் கிரீன், சுற்றுச்சூழல் ஆர்வலர் என்ற போர்வையில், பொலிவியாவின் பாலைநிலத்தை வாங்குகிறான். எல்லோரும் எண்ணெய்க்காக என்று நினைக்க, அவன் நிலத்தடியில் அணை கட்டித் தண்ணீரை அடைத்துவைத்து, தன் உதவியோடு ஆட்சியைப் பிடிக்கவிருக்கும் தளபதியிடம் அதையே பழைய விலையைப் போல இரு மடங்குக்கு விற்க முனைகிறான். இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில் தண்ணீர் விநியோகம் தனியாரிடம் போய்க் கட்டணம் உயர்ந்தபோது மக்கள் தெருவில் இறங்கிப் போராடி, 2000ஆம் ஆண்டு அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வைத்தார்கள். குடத்தோடு லாரிக்குக் காத்திருந்து பழகிய ஊர்க்காரனான எனக்கு, உலகை அழிக்கும் கதிர்வீச்சுக் கருவியைவிட இந்தச் சதி அதிகம் உறைத்தது. கிரீன் என்ற பாத்திரத்துக்குப் போதிய நேரம் தரப்படவில்லை என்பது வேறு குறை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இனி, முதலில் எழுதிய தாளை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே படம் தந்த விடையைக் குறியுங்கள். மாத்திஸ் நிரபராதி என்று தெரிகிறது. ஆனால் அவர் பாண்டின் கையிலேயே உயிர்விட, பாண்ட் உடலைக் குப்பைத்தொட்டியில் கிடத்திவிட்டுப் போகிறான். முதல் முறை பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்த அந்தச் செயல், நான்காவது கேள்வியைத் தாளில் எழுதிவைத்திருந்ததால் இரண்டாம் முறை வேறாகப் புரிந்தது: அவன் மனிதத்தன்மையை இழந்துகொண்டிருக்கும் அளவை அது காட்டுகிறது. கடைசியில் ரஷ்யாவின் கசான் நகரில், வெஸ்பரை ஏமாற்றிய காதலனைக் கொல்லாமல் விட்டுவிட்டு, அவளுடைய கழுத்தணியைப் பனியில் போட்டுவிட்டு நடக்கும்போது அந்தக் கணக்கு தீர்கிறது. அமைப்பைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பெயரைத் தவிரப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. நான்கில் மூன்று தேறிய படத்தை "முதல் பாகம் அளவுக்கு இல்லை" என்ற வரியால் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எழுதும்போது, கதையின் முதல் கால் பகுதிக்கு அப்பால் வரும் திருப்பங்களைச் சொல்வதாக இருந்தால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். உளவுக் கதையில் யார் துரோகி என்பதைத் தலைப்பிலேயே போடுவது படிக்கிறவருக்குச் செய்யும் கொடுமை. திரையரங்கிலிருந்து வந்த சூட்டிலேயே எழுதாமல் ஓர் இரவு கழித்து எழுதுவதும், ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதற்குப் பதிலாக யாருக்கு, எந்த நிலையில் இந்தப் படம் பிடிக்கும் என்று சொல்வதும் நல்லது. முந்தைய பாகத்தை அண்மையில் பார்த்தவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், நேராக இதிலிருந்து தொடங்குகிறவர்கள் தவிர்க்கலாம் என்றுதான் 'குவாண்டம்' பற்றிய என் குறிப்பின் கடைசி வரியை எழுதினேன்.