குளிர்கிற மலையில் கண்ணுக்கும் குடை வேண்டும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிப்பவர்களும், கேத்தியில் கேரட் தோட்டத்தில் குனிந்து நிற்பவர்களும் தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். குளிருக்கு அது போதும், கண்ணுக்குப் போதாது.

உடம்பில் சூடு தெரியவில்லை என்பதால் வெயில் இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேல். லேசான மேகத்தையும் தாண்டி இந்தக் கதிர் இறங்கிவிடும்.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் படகுத் தொழிலாளர்கள் 838 பேரை ஆராய்ந்து 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணில் பட்ட புற ஊதா-பி கதிரின் (புற ஊதாக் கதிரில் ஒரு வகை) மொத்த அளவு இரட்டிப்பானால், லென்ஸின் ஓரத்தில் தொடங்கும் கண்புரைக்கான ஆபத்து 1.6 மடங்காகிறது. கருவிழி மேல் சதை வளர்வதற்கும் இந்தக் கதிர் ஒரு முக்கியக் காரணம்.

அதனால் முதலில் ஒரு தொப்பி. முன்பக்கம் மட்டும் நீட்டியதல்ல, சுற்றிலும் அகல விளிம்பு உள்ளது. துண்டின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். அப்புறம் ‘யுவி 400’ (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கான குறி) என்று போட்ட கண்ணாடி, பக்கவாட்டையும் மறைப்பதாக இருந்தால் நல்லது. வெறும் கறுப்புக் கண்ணாடியை நம்ப வேண்டாம். அதன் இருட்டில் கண்மணி விரியும், தடுப்பு இல்லாவிட்டால் கதிர் கூடுதலாக உள்ளே போகும். பவர் கண்ணாடி போடுபவர்கள், அதில் இந்தத் தடுப்பு இருக்கிறதா என்று கண்ணாடிக் கடையில் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

பீடி, சிகரெட் பழக்கமும் கண்புரையைக் கூட்டும். அதைத் தொப்பி தடுக்காது.