மூன்று நாளில் குமரி: மலைத் தண்ணீர் பொழிமுகம் சேரும் வழியே

காவிரிப் படுகை மாதிரி அகலமான டெல்டாவை எதிர்பார்த்து குமரி மாவட்டத்துக்கு வராதீர்கள். இங்கே மலைக்கும் கடலுக்கும் நடுவே இடம் குறைவு. கோதையாறும் பறளியாறும் மலையிலிருந்து விறுவிறுவென இறங்கி, திருவட்டாறு பக்கத்தில் மூவாற்றுமுகத்தில் ஒன்றாகி, குழித்துறை வழியே தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கின்றன. கிழக்கே பழையாறு சுசீந்திரத்தைத் தொட்டு மணக்குடியில் முடிகிறது. அலை ஓயாமல் அடிக்கிற கரை என்பதால் ஆறு கொண்டுவரும் மணல் விரிந்து பரவ வழியில்லை. வாயிலேயே திட்டாகக் குவிகிறது. அந்தத் திட்டும் உள்ளே தேங்கும் காயலும் சேர்ந்த பொழிமுகத்தையும், மேலே வயலுக்குப் பிரியும் கால்வாய்களையும் பார்க்க மூன்று நாள் போதும்.

குழித்துறையில் ஓடுவதும் தாமிரபரணி என்றே அழைக்கப்படுகிறது. வரைபடச் செயலியில் வெறுமனே ‘தாமிரபரணி முகத்துவாரம்’ என்று தேடினால் நெல்லைத் தாமிரபரணி கடல் சேரும் புன்னைக்காயலுக்கு வழிகாட்டக்கூடும். ‘தேங்காப்பட்டணம்’ என்றே தேடுங்கள்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எங்கள் பரிந்துரை ஜனவரி 20-க்குப் பிறகு பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை. பேச்சிப்பாறை அணையிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி கடைசி வரைதான் தண்ணீர் விடுவார்கள்; அதன் பிறகு வந்தால் வறண்ட கால்வாயைத்தான் பார்ப்பீர்கள். ஜனவரியில் வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல் வயலில் நிற்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். சபரிமலைக் கூட்டமும் பொங்கல் கூட்டமும் வடிந்து அறை எளிதில் கிடைக்கும்.

வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களுக்குப் பிள்ளைகளின் விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான் வரும். அப்படியானால் ஆகஸ்டைத் தேர்ந்தெடுங்கள். மணக்குடி முதல் நீரோடி வரையுள்ள மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மீன் குறைவு, விலை அதிகம். கிழக்குக் கரையில் சின்னமுட்டம் பக்கம் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால், ஜூலையில் மீன் தேடுகிறவர்கள் கிழக்கே போகலாம். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் விவேகானந்தர் பாறைக்கான படகு சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தப்படும். பயணத்தின் கடைசி நாளை அதற்கென்று ஒதுக்காதீர்கள்.

இறங்க வேண்டிய இடம் திருவனந்தபுரம் விமான நிலையம். மார்த்தாண்டம் நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை நெரிசலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கேரளப் பதிவு வாடகைக் கார் என்றால் எல்லை வரியும் சேர்த்தா கட்டணம் என்று ஏறும் முன் கேளுங்கள். களியக்காவிளையில் நின்று பேரம் பேசுவது வீண் வேலை. ரயிலில் வருவோர் மார்த்தாண்டத்துக்குக் குழித்துறை நிலையத்தில் இறங்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அதன் நகலையும் விசா அல்லது ஓசிஐ அட்டை நகலையும் தாளில் வைத்திருங்கள். விடுதிக்காரர் பதிவு செய்தாக வேண்டும், சிறு விடுதிகளில் நகல் எடுக்க வசதி இருக்காது. சிறு கடைகளுக்கும் ஆட்டோவுக்கும் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் வேண்டும்.

முதல் இரவு மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ தங்குங்கள், அடுத்த இரவு நாகர்கோவிலில். முதல் நாள் மாலை திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி கட்டிப் போவது நல்லது. நண்பகல் முதல் மாலை வரை நடை சாத்தியிருக்கும், ஐந்து மணிக்குமேல் போங்கள்.

இரண்டாம் நாள் காலையிலேயே மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-இல் கட்டியது, 384 மீட்டர் நீளம், 115 அடி உயரம், 28 தூண்கள். காமராசர் ஆட்சியில் திட்டமிட்டது. பறளியாறு கீழே ஓட, கால்வாய் அதன் தலைக்கு மேலே தொட்டிக்குள் ஓடி மறுகரை வயல்களுக்குப் போகிறது. இந்த மாவட்டம் தண்ணீரை எப்படிப் பங்கிட்டு வாழ்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு மணி நேரமாவது கொடுங்கள். பத்து மணிக்குமேல் வெயில் சுடும், மேலே நிழலே கிடையாது. முதியோர் மேலே நடந்து திரும்பட்டும். ஆற்றுக்கு இறங்கும் படிகள் ஏறி வர மூச்சு வாங்கும். பிறகு திற்பரப்பு அருவி. மலையில் மழை பெய்தாலோ அணையில் உபரி நீர் திறந்தாலோ குளிக்கத் தடை விதிப்பார்கள், குழித்துறை சப்பாத்தும் (ஆற்றைக் கடக்கும் தாழ்வான பாலம்) மூழ்கும். அக்டோபர், நவம்பரில் வருவோர் அன்றைய செய்தியைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

மதியம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டு, நாலு மணி வாக்கில் தேங்காப்பட்டணம். ஆறு, கடல், 1860-இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயின் மிச்சம், மீன்பிடித் துறைமுகம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. கரையில் நின்று பாருங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். துறைமுக வாயில் மணல் மேடிட்டு அலை உடைவதால் பழகிய மீனவர்களின் வள்ளங்களே கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பொழிமுகத்தில் காயல் பக்கம் அசையாமல் கிடக்கும், முழங்கால் ஆழம்தான் என்று தோன்றும். ஆனால் திட்டின் கடல்பக்கச் சரிவு திடீரென இறங்குகிறது. பின்வாங்கும் அலை காலடி மணலை அரித்து ஆளை இழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வேறு. தெற்கே வெகுதொலைவில் எழும் பேரலை, இங்கே காற்றோ மேகமோ இல்லாத நாளில் கரையேறும். 2024 மே மாதம், எச்சரிக்கை அமலில் இருந்தபோது, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் நனைந்த மணலில்கூட நிற்காதீர்கள்.

மூன்றாம் நாள் விடியும்போதே தேரூர் குளம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆறரை முதல் எட்டரை மணிக்குள் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். இருநோக்கி கட்டாயம். தேரூர் கவிமணி பிறந்த ஊர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்கிருந்து மணக்குடி. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைக்கும் பாலத்தின்மேல் நின்றால் ஒருபுறம் காயல், மறுபுறம் பொழி. பழைய பாலத்தை 2004 சுனாமி பெயர்த்துவிட்டது. இப்போதிருப்பது பிறகு கட்டியது. கோடையில் ஆற்று வரத்து குறைந்து பொழி அடைபடும், மழைக்காலத்தில் உடையும், அல்லது வெள்ளம் ஊருக்குள் ஏறாமலிருக்க வெட்டி விடுவார்கள். புத்தளம் பக்கத்து உப்பளங்களில் பூநாரை வருவது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. வரப்பில் நடக்கும் முன் அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். அது அவர்கள் பிழைப்பு. மழைக்காலத்தில் காலில் காயம் இருந்தால் வயல் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது.

கெட்டுவள்ளத்தில் (படகு வீட்டில்) இரவு தங்கும் ஆசை இருந்தால் அதற்கு ஆலப்புழை போக வேண்டும். படகில் ஒரு மணி நேரம் சுற்றினால் போதும் என்பவர்களுக்கு எல்லை தாண்டியதும் நெய்யாறு கடல் சேரும் பூவாறு இருக்கிறது.

விமான நிலையம் திரும்பும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கள் விடுமுறை; மதியம் ஒரு மணி வாக்கில் நுழைவுச்சீட்டு நிறுத்தி, இரண்டு மணிக்குத் தொடர்வார்கள். இரண்டுக்கு நுழைந்தால் மூன்றரைக்கு வெளியே வரலாம், அங்கிருந்து விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியைச் சணல் பையில் விடாமல் காற்றுப் புகாத டப்பாவில் கட்டுங்கள், ஈரம் பட்டால் இளகிவிடும். மட்டி வாழைப்பழம் தாங்காது, அதை இங்கேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.