செட்டிநாட்டில் கார் ஓட்டப் போகிறீர்களா? டிக்கியை முதலில் திறந்து பாருங்கள்

காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் அரை மணி நேரத்துக்குள் இன்னோர் ஊர் வந்துவிடும். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான், தேவகோட்டை எல்லாமே பக்கம்தான். இந்தக் கணக்கை நம்பித்தான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு பாட்டில் தண்ணீர்கூட இல்லாமல் காரில் ஏறிவிடுகிறார்கள். ஆனால் ஊருக்கும் ஊருக்கும் நடுவே, சித்திரை மாதத்து நண்பகலில், செம்மண் பொட்டலும் கண்மாய்க் கரையும் சீமைக் கருவேலமும் தவிர வேறெதுவும் இருக்காது. ஒரு டீக்கடை, ஒரு மர நிழல் கிடைக்கவே சில கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

நான் மலேசியாவில் கிள்ளானில் குடியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஊருக்கு வந்து நானே கார் ஓட்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், வீட்டுத் தரையில் பதிக்கும் பூப்போட்ட கல் பார்க்க அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போய்த் திரும்பும்போது பின்சக்கரம் பஞ்சரானது. ஸ்டெப்னியை, அதாவது மாற்றுச் சக்கரத்தை, எடுத்துக் கீழே வைத்தேன். அது அப்படியே சப்பையாக அமர்ந்தது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் அதை எத்தனை மாதமாகப் பார்க்கவில்லையோ. எழுபது வயதைத் தாண்டிய அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் சாலையோரத்தில் நின்றார். டிராக்டரில் வந்த ஒரு தம்பி சக்கரத்தை ஏற்றிக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டு வந்தார். அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது ஏற்பட்ட தவிப்பு இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆகவே, முதல் வேலை ஸ்டெப்னி. வாடகைக் காரானாலும் சித்தப்பா வீட்டுக் காரானாலும், சாவியை வாங்கியவுடன் டிக்கியைத் திறந்து சக்கரத்தை அழுத்திப் பாருங்கள். புதிய கார் சிலவற்றில் ஸ்டெப்னியே இருக்காது. டயர் காற்றைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் விதியை மாற்றிவிட்டார்கள். அப்படிப்பட்ட காரானால் அந்தப் பெட்டி உள்ளே இருக்கிறதா, யாராவது எடுத்துப் பயன்படுத்திவிட்டு வெறும் உறையை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருந்தால் மட்டும் போதாது. இங்கே சாலையை விட்டு இறங்கினால் சரளையும் செம்மண்ணும்தான். மழைக்குப் பிறகு அந்த மண்ணில் ஜாக்கியை வைத்தால் கார் எழும்பாது, ஜாக்கிதான் புதையும். ஓரடி நீளத்தில் கெட்டியான பலகை ஒன்றை டிக்கியில் போட்டுவையுங்கள். தச்சுப் பட்டறையில் கேட்டால் ஒரு துண்டு கொடுப்பார்கள். பஞ்சர் கடைகளில் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிடுவதால், காரோடு வரும் குட்டை ஸ்பேனருக்கு அவை அசையாது. ஸ்பேனரின் கைப்பிடியில் நுழைகிற அளவு இரும்புக் குழாய் ஒன்று இருந்தால் பெண்களும் வயதானவர்களும்கூடக் கழற்றிவிடலாம். வீட்டு வாசலில் ஒரு முறை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

கருவேல முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலியை வெட்டிச் சாலையோரம் போட்டிருப்பார்கள். எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட ஓரம் இறங்கினால் முள் ஏறும். டியூப்லெஸ் டயராக இருந்தால் முள்ளைப் பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டு காற்றை மெதுவாகத்தான் விடும். காரின் 12 வோல்ட் இணைப்பில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று கையில் இருந்தால், காற்றை நிரப்பிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பஞ்சர் கடைவரை மெதுவாகப் போய்ச் சேரலாம். என்னைக் கேட்டால் இந்தப் பம்புக்காக மற்ற கருவிகளில் பாதியைத் தியாகம் செய்யலாம். இங்கே காற்றழுத்தத்தைப் பி.எஸ்.ஐ. கணக்கில்தான் கேட்பார்கள். 33 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய 2.3 பார், அதாவது 230 கிலோபாஸ்கல். உங்கள் காருக்குரிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக் கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லுங்கள். ‘வழக்கம்போல அடியுங்கள்’ என்றால் அவருக்கு வழக்கமான அளவைத்தான் அடிப்பார்.

செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல், பூட்டிக் கிடக்கும் வீட்டின் கார். குடும்பம் முழுவதும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் திருமணத்துக்கும் மட்டும் ஷெட்டைத் திறப்பார்கள். வாட்ச்மேன் அண்ணன் காரைத் துடைத்து வைத்திருப்பார், ஓட்டியிருக்க மாட்டார். சாவியைத் திருகினால் ‘டிக் டிக்’ என்ற ஓசைதான் வரும். அதற்குத்தான் இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஜம்பர் கேபிள். சிவப்புக் கம்பியை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ் முனையிலும் பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ் முனையிலும் மாட்டுங்கள். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டி, மறுமுனையைச் செத்த காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் கவ்வவிடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது கியர் காருக்குத்தான், ஆட்டோமேட்டிக் காருக்கு அல்ல. பானெட்டைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா, ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீண்ட நாள் நின்ற காரை முதல் நாளே திருச்சிவரை ஓட்டிச் செல்லாதீர்கள். ஊருக்குள் ஓட்டிப் பிரேக்கையும் டயரையும் சோதித்த பிறகு வெளியே எடுங்கள்.

தண்ணீர் ஐந்து லிட்டர் கேன் ஒன்று. குடிக்கும் தண்ணீர் இதில் சேராது, அது தனி. எஞ்சின் சூடேறி ஆவி பறந்தால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு ஊற்றுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கைந்து, ஒரு குடை, இரண்டு ஈரிழைத் துண்டு. துண்டின் அருமை இங்கே வந்தால்தான் தெரியும்: வியர்வை துடைக்க, வெயிலில் காய்ந்த ஸ்டீயரிங்கின் மேல் போட, தூங்கும் குழந்தைக்கு ஜன்னல் மறைப்பாக மாட்ட, கண்ணாடி துடைக்க. முன்கண்ணாடிக்கு வெயில் தடுப்பு அட்டையும் வாங்கிவிடுங்கள். நிறுத்திய காருக்குள் பவர் பேங்க், லைட்டர், வாசனைத் திரவிய ஸ்பிரே, சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின் எதையும் விட்டுச் செல்லாதீர்கள். குழந்தையை ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

குழந்தை என்றதும் இருக்கை வார் நினைவுக்கு வருகிறது. உறவினர் கார்களில் பின்னிருக்கை வாரின் கொக்கி பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். அதை வெளியே எடுத்துப் பூட்டிப் பாருங்கள். பின்னால் இருப்பவர்களும் வார் போட வேண்டும் என்பதே சட்டம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஆச்சிகள் ‘நம்மூருக்குள்ள எதுக்கப்பா’ என்பார்கள். அன்பாகச் சொல்லிப் போட்டுவிடுங்கள். குழந்தை இருக்கை வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள், கையோடு கொண்டுவாருங்கள்.

காகிதங்கள்: உங்கள் நாட்டு உரிமம், அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி, காரின் பதிவுச் சான்று (ஆர்.சி.), காப்பீடு, புகைச் சான்று. வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டும் காருக்குக் கறுப்பு எண் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை யாராவது ‘நாள் வாடகைக்குத் தருகிறேன்’ என்றால் மறுத்துவிடுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக வருகிறவர்கள் சுங்கச்சாவடிகளைக் கடக்க வேண்டும்; கண்ணாடியில் சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்டாக் வில்லை ஒட்டியிருக்கிறதா, அதில் பணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம் கட்ட நேரும்.

சில்லறையை ஒரு கொட்டானில் போட்டு கியருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பனையோலையில் நம் ஊர்ப் பெண்கள் பின்னுகிற அதே கொட்டான்தான். பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டுகள், ஒரு பேனா, ஒரு தீப்பெட்டி, சுக்கு மிட்டாய், பிறகு விலாசம் எழுதிய அட்டை.

இந்த அட்டையைச் சற்று விளக்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்களில் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக வெட்டிக்கொள்ளும். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். கைபேசி வரைபடம் உங்களைப் பின்வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே எத்தனை தட்டினாலும் யாருக்கும் கேட்காது. கதவு எண்ணும் ஊரில் பலருக்குத் தெரியாது. தெரிவது விலாசம்தான், அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகள். அந்த எழுத்துகளைத் தமிழில் பெரிதாக எழுதி, பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது ஊருணியின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் போகிற பெரியவரிடம் காட்டினால் வாசல்வரை வந்து விடுவார். வரைபடத்தில் இன்னொரு பொறி: திருப்பத்தூர். நமக்கு வேண்டியது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர். வேலூரிலிருந்து பிரிந்து 2019இல் தனி மாவட்டமானது வேறு திருப்பத்தூர். மாவட்டத்தையும் சேர்த்துத் தேடாவிட்டால் கைபேசி உங்களை வடக்கே அனுப்பிவிடும்.

டிக்கியின் ஓரத்தில் ஒரு வேட்டி, ஒரு மேல்துண்டு, பெண்களுக்கு ஒரு சேலை இருக்கட்டும். நகரத்தார் எனப்படும் செட்டியார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களையும் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பலர். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி என்று போகும்போது வெயில் ஏறிவிடும். கல் பிரகாரத்தில் வெறுங்காலில் சுற்ற, சிமென்ட் தரையில் வளர்ந்த பிள்ளைகளால் முடியாது. விடியலில் கிளம்புவதே நல்லது. அது முடியாவிட்டால் பருத்திக் காலுறை ஒரு ஜோடி வைத்திருங்கள். கோயிலுக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாமா என்று அங்கேயே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரவில் ஓட்டாமல் இருக்க முடிந்தால் ஓட்டாதீர்கள். வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடை, சாலையில் படுத்திருக்கும் மாடு, அந்தியில் குறுக்கே பறக்கும் மயில், எதிரே ஹைபீமில் வரும் லாரி என எல்லாம் சேர்ந்து வரும். நல்ல டார்ச்சும் எச்சரிக்கை முக்கோணமும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பெட்டிகளுக்கு அடியில் அல்ல. தை மாதத்தில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியுடன் நடக்கிறவர்கள் இருளிலும் சாலையோரம் வரிசையாகப் போவார்கள். வேகத்தைக் குறையுங்கள், விளக்கைத் தாழ்த்துங்கள், ஹார்னை அழுத்தாதீர்கள். ஒரு பெட்டித் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்து, ஓரமாக நிறுத்தி நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள்.

அறுவடைக் காலத்தில் சாலையில் கதிரையும் உளுந்துச் செடியையும் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வைக்கோல் காருக்கு அடியில் சுற்றிக்கொண்டால் சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கக்கூடும். ஒதுங்கிப் போக வழி இருந்தால் ஒதுங்குங்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் கடந்தபின் இறங்கிக் குனிந்து பாருங்கள். ஒரு கிலோ தீயணைப்பான் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், எத்தனை பேர் கடந்தாலும் நீங்கள் கடக்காதீர்கள்.

முதலுதவிப் பெட்டியில் காலாவதித் தேதியைப் பாருங்கள். அவசர எண்கள்: ஆம்புலன்சுக்கு 108, பொது அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. இவற்றைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதி வெயில் மறைப்பில் செருகுங்கள். கூடவே காப்பீட்டு எண், ஊரில் உள்ள ஒரு உறவினரின் எண், உங்கள் இரத்த வகை.

திரும்பும் நாளுக்கு டிக்கியில் இடம் விடுங்கள். மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று பலகாரங்கள் டின்களில் வந்து சேரும். அவற்றை டிக்கியின் சூட்டில் வைக்காமல் பின்னிருக்கையின் தரையில் வையுங்கள், எண்ணெய்ச் சிக்கு வாடை வராது. ஆத்தங்குடிக் கல் வாங்கினால் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, நடுவே பழைய செய்தித்தாள் வைத்து அடுக்குங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்கள் ரசீது கேட்டு வாங்குங்கள். 100 ஆண்டுகளைக் கடந்த தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. பம்பையும் பலகையையும் ஜம்பர் கேபிளையும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். துண்டில் சுற்றி வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருகிறவருக்கு அவை ஷெட்டிலேயே இருக்கும்.