அம்மம்மாவின் வீட்டை வாடகைக்கு விடும்போது புரோக்கர் காசு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வயசானவரின் வீடு பூட்டிக் கிடந்தால், புரோக்கரிடம் சாவியைக் கொடுக்க முதல் கூலியைக் கதைத்து முடியுங்கள். கொழும்பில் ஒரு வருட வாடகைக்கு ஒரு மாத வாடகையைக் கேட்பதுதான் பொதுவான வழக்கம், அதாவது மாதம் 80,000 ரூபா என்றால் வருட வருமானம் 960,000 இலே 80,000 அவருக்குப் போகும். இது சட்டம் இல்லை, பேச்சுதான், அதனால் குறைத்துக் கேட்கலாம்.

முக்கியமானது அடுத்த வருடம். அதே குடும்பம் தொடர்ந்து இருந்தால் திரும்பவும் ஒரு மாதக் காசு கேட்பார்கள், புதிதாக யாரையும் தேடாதவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? புதுப்பித்தலுக்குக் காசு இல்லை, ஆறு மாதத்துக்குள் ஆள் போனால் பாதியைத் திருப்பித் தர வேண்டும், குடியிருப்பவரிடமும் வாங்குகிறாரா என்பதைச் சொல்ல வேண்டும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி என்றாலும் சரி.

அட்வான்ஸ் நேரே அம்மம்மாவின் வங்கிக் கணக்குக்கே வரட்டும். புரோக்கர் தன் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ரசீதோடு கொடுக்கலாம்.

அப்புறம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதுவதுதான் செல்லும், 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. நொத்தாரிசு கூலி வேறு, அதை யார் கொடுப்பது என்றும் முதலே பேசுங்கள். அம்மம்மாவுக்குப் பதில் நீங்கள் கையெழுத்து வைப்பதென்றால் பதிவு செய்த அற்றோர்னித் தத்துவம், அதாவது அவர் சார்பில் கையெழுத்திட உங்களுக்கு அதிகாரம் தரும் பத்திரம், வேண்டும். அவர் தெளிவாக இருக்கும்போதே, அவருக்கு வாசித்துக் காட்டி, சம்மதம் கேட்டு எழுதுங்கள். வீடு அவருடையது.