நிறைய எடை குறைத்தாகிவிட்டது, இனி என்ன செய்வது?

98 கிலோவிலிருந்து 71-க்கு வர எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. எடை மெஷினில் 71 என்று பார்த்த காலையில் அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். அன்று மத்தியானமே ஒரு கேள்வி வந்துவிட்டது: இனி நான் எவ்வளவு சோறு போட்டுக்கொள்ளலாம்? குறைப்பதற்குக் கையில் ஒரு திட்டம் இருந்தது. குறைத்த உடம்போடு எப்படி வாழ்வது என்பதற்கு ஒன்றுமே இல்லை. மூன்று மாதத்தில் 5 கிலோ திரும்ப ஏறி, மறுபடி இறக்கினேன். அந்த இடத்தில் இப்போது நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முயற்சி செய்து குறைத்தவர்களுக்கு மட்டும்தான் இது. ஒன்றும் செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், மேலே படிக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

படி 1: மருந்துச் சீட்டைச் சரிபாருங்கள்

பழைய எடைக்கு எழுதிய மாத்திரை அளவு புதிய எடைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். பிபி மாத்திரை போடுபவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். தைராய்டு மாத்திரையின் அளவும் மாறக்கூடும். நீங்களாகக் குறைக்காதீர்கள், டாக்டர் குறைக்கட்டும்.

அப்படியே ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, மூன்று மாத சர்க்கரை அளவு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வேகமாகக் குறைத்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாவது உண்டு. சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலித்தால் அதைக் கேஸ் என்று விட்டுவிட வேண்டாம்.

எடை குறைக்கும் ஊசியால் இறங்கியவர்கள் தாங்களாக ஊசியை நிறுத்தக் கூடாது. செமாகுளூடைடு ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்த ஆய்வில், குறைந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது.

படி 2: இன்னும் குறைக்க வேண்டுமா?

என் உயரம் 164 செ.மீ. 71 கிலோவில் என் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 26.4. இந்தியர்களுக்கு 23-க்குள் இருப்பதே நல்லது என்பார்கள். அதற்கு நான் 62 கிலோவுக்கு அருகில் வர வேண்டும். சொந்தக்காரர்களும் "இன்னும் ஒரு பத்து கிலோதானே" என்றார்கள். நான் நிறுத்தினேன். சர்க்கரையும் பிபியும் சரியாகியிருந்தன, ஆனால் மாடிப்படி ஏறினாலே கால் சோர்ந்தது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. இந்த நிலையில் மேலும் குறைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. அதற்கு மேல் இருந்தால் இன்னும் குறைக்கலாம்தான். ஆனால் அடுத்த படியை முடித்த பிறகு.

படி 3: ஆறு மாதம் அதே இடத்தில் நில்லுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், நான் தவறவிட்டதும் இதைத்தான்.

எடை இறங்கினால், "சாப்பிட்டது போதும்" என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஓராண்டு கழித்தும் இவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்க டிவி போட்டி ஒன்றில் ஏராளமாக எடை குறைத்தவர்களை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. 2016-இல் வந்த ஆய்வு அது. ஆகவே பசி எடுத்தால் மன உறுதி இல்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

செய்ய வேண்டியது இது. முதல் வாரம் மத்தியானச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோறு மட்டும் கூட்டுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். எடை நிலையாக இருந்தால் காலையில் இன்னொரு இட்லி. மறுபடி இரண்டு வாரம். எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்ற இடம் வரும்வரை இப்படியே போகலாம்.

மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையிலோ சோற்றை அடியோடு விட்டோ குறைத்தவர்கள் இங்கே கவனியுங்கள். சோறு திரும்ப வந்த முதல் வாரம் ஒன்றிரண்டு கிலோ ஏறும். அது பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்கிறது. எனக்கு இது தெரியவில்லை. 2 கிலோ ஏறியதைக் கொழுப்பு என்று நினைத்து இரண்டு நாள் பட்டினி கிடந்தேன், மூன்றாம் நாள் அடக்க முடியாமல் சாப்பிட்டேன், மறுபடி பட்டினி. அந்த 5 கிலோ இப்படித்தான் வந்தது.

அதனால் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது 70 முதல் 73. வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பார்க்கிறேன். மாதவிலக்கு வாரத்தில் ஏறுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து 73-ஐத் தாண்டினால், கூட்டிய அந்த இட்லியைக் குறைப்பேன், அவ்வளவுதான். 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டாவது தக்கவைத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்துவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், நாளைக்கு ஒரு மணி நேரம் போல உடம்பை அசைக்கிறார்கள்.

படி 4: போன தசையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

கொழுப்போடு தசையும் கொஞ்சம் போயிருக்கும். என் கால் சோர்வுக்கு அதுவும் ஒரு காரணம். ஜிம் வேண்டும் என்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குவது பத்து முறை. வாரம் இரண்டு நாளில் தொடங்கி, எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

புரதம் இல்லாமல் தசை வளராது. கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் எனக்கு நாளைக்கு 85 கிராம். இட்லியும் சாம்பாரும் மட்டும் அவ்வளவு தராது. இரண்டு முட்டையில் 12 கிராம், நூறு கிராம் மீனில் 20, நூறு கிராம் பன்னீரில் 18, ஒரு கிண்ணம் சுண்டலில் பத்துக்கு மேல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் கூட்ட வேண்டும்.

படி 5: முடியும் தோலும்

குறைக்கத் தொடங்கிய இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவது சகஜம். சத்துக் குறைபாடு இல்லையென்றால் பெரும்பாலும் தானே வளர்ந்துவிடும். தொங்கும் தோலை எந்த க்ரீமும் இறுக்காது, பணத்தை வீணாக்காதீர்கள். மடிப்புகளை ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள். அறுவை சிகிச்சை செய்ய நினைத்தாலும், எடை சில மாதம் நிலையாக நின்ற பிறகே டாக்டர்கள் யோசிப்பார்கள்.

படி 6: ஊர் கேட்கும் கேள்விக்குப் பதில்

"என்ன இப்படி இளைச்சுட்ட, சுகரா?" இதைக் கல்யாண வீட்டில் நான்கு பேராவது கேட்பார்கள். முதலில் எனக்கு மிகவும் வலித்தது. இப்போது "நானாத்தான் குறைச்சேன் அத்தை, ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்கிறேன். அவர்கள் பயத்தில்தான் கேட்கிறார்கள். நம் வீடுகளில் இளைத்த உடம்பு என்றாலே நோய்.

துணி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நான்கு ரவிக்கைகளை மட்டும் பிடித்துத் தைக்கக் கொடுத்து, அந்த ஆறு மாதத்தை ஓட்டினேன்.

படி 7: கிலோவில் இல்லாத ஓர் இலக்கு

எடையைப் பிடித்து நிறுத்துவதில் வாரா வாரம் கைதட்டல் கிடைக்காது. அதனால் உடம்பால் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்தது திருவண்ணாமலை கிரிவலம். 14 கிலோமீட்டர். 98 கிலோவில் இருந்தபோது பாதியில் ஆட்டோ பிடித்தவள் நான். முதலில் வீட்டைச் சுற்றி 3 கிலோமீட்டர் நடந்தேன், வாரம் ஒரு கிலோமீட்டராகக் கூட்டினேன். போன மாதம் ஞாயிறு காலை 10-ஐ முடித்தேன். கார்த்திகைக் கூட்டத்தில் முதல்முறை வேண்டாம் என்று ஒரு சாதாரண பௌர்ணமியைக் குறித்து வைத்திருக்கிறேன், அம்மாவும் கூட வருகிறாள்.