பாக்ஸ்வுட் மாதிரி பச்சை வேலி வேண்டுமா? நம் ஊருக்குக் கெமுனிங்

வெளிநாட்டு வீட்டுப் படங்களில் வாசலை ஒட்டி, இடுப்பளவுக்குச் சுவர் மாதிரி வெட்டிவிட்ட பச்சை வேலி இருக்குமே, அதுதான் பாக்ஸ்வுட். ஆசைப்பட்டு மூன்று தொட்டி வாங்கி, மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசலில் நட்டேன். நவம்பர் மழையில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருந்தது. விரலால் இழுத்ததும் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, நூல் மாதிரி நடு நரம்பு மட்டும் மிஞ்சியது. வேரழுகல்.

பாக்ஸ்வுட் குளிர் தேசத்துச் செடி. அதன் வேர் ஆழம் போகாது. தண்ணீர் தேங்கும் மண்ணும் ராத்திரியிலும் தணியாத புழுக்கமும் அதற்கு ஆகாது. 1,400 மீட்டர் உயரத்தில் கேமரன் மலையில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். கீழே தோட்டப்புறத்தில் இருக்கும் நமக்குக் கெமுனிங்தான் சரி. ‘சைனா பாக்ஸ்’ என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு. கருவேப்பிலைக்குப் பங்காளி. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

முதலில் இடம். தினமும் நாலைந்து மணி நேரமாவது வெயில் படவேண்டும். வீட்டில் எலுமிச்சை, லீமாவ் மரம் இருந்தால் அதன் பக்கத்தில் கெமுனிங் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை இனத்தையே மஞ்சளடித்துச் சாகடிக்கும் சிட்ரஸ் கிரீனிங் நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சிக்குக் கெமுனிங் துளிர் என்றால் உயிர்.

அடுத்து மண். நம் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. நடும் முன் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால், அந்த இடத்தில் அரை அடி மேடு கட்டி அதன்மேல்தான் நடவேண்டும். தோண்டிய மண்ணோடு மக்கிய மாட்டுச் சாணத்தையும் கொஞ்சம் மணலையும் கலந்துகொள்ளுங்கள்.

நடுவதற்குத் தீபாவளிக்கு முந்தைய மழை நல்ல நேரம். ஒன்றரை அடிக்கு ஒரு கன்று. குழி, கன்று இருக்கும் பையைப் போல இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும். ஆழம் பை அளவே போதும். தண்டை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் மழை இல்லாத நாளில் காலையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

இனி வெட்டுவது. வேலி உருவாவது இங்கேதான். பலர் செடி இடுப்பளவு வளரட்டும் என்று காத்திருப்பார்கள். அப்படி விட்டால் மேலே குடை, கீழே வெறும் குச்சி. பிறகு அந்தக் குச்சியில் இலை வரவைப்பது பெரும்பாடு. நட்ட கன்று வேர் பிடித்துப் புதுத் துளிர் விட்டதும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை பிரியும். அவை ஒரு சாண் நீண்டதும் பாதியாக வெட்டுங்கள். இப்படியே போனால் அடியிலிருந்தே அடர்த்தி வரும். வேலியின் அடி அகலமாகவும் மேல்பக்கம் சற்றுக் குறுகலாகவும் இருக்கட்டும்; அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும்.

கத்தரி கூர்மையாக இருக்கவேண்டும். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கத்தியைத் தீட்டாமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிக்கும், கிழிந்த பட்டை சீக்கிரம் ஆறாது என்பார். செடிக்கும் அதே கணக்குதான். மழை ஈரத்தோடும் வெட்டாதீர்கள், காயத்தில் பூஞ்சணம் ஏறும்.

நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இலை மஞ்சளானால், சிமெண்டுச் சுவரை ஒட்டி நட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சுண்ணாம்பு கசிந்த மண்ணில் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. சுவரை விட்டு இரண்டடி தள்ளி நடுவது நல்லது. இலையில் கரி படிந்த மாதிரி தெரிந்தால் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் பாருங்கள், செதில் பூச்சி ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே குறையும்.

எப்போதும் வெட்டிக்கொண்டே இருந்தால் பூ குறையும். சில வாரம் காய்ந்து, பிறகு ஒரு நல்ல மழை பெய்ததும் கெமுனிங் மொட்டுக் கட்டும். அந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் கத்தரியைத் தொடாதீர்கள். சாயங்காலம் அந்த வாசனை தெருவரைக்கும் வரும்.