இரவு ஒன்பது மணிக்கு வாசிக்க ஒரு சின்ன அம்ப்: பார்த்து வாங்குவது எப்படி?

"அண்ணா, எத்தனை வாட் எடுக்கலாம்?" புதிதாக எலெக்ட்ரிக் கிற்றார் பழகும் தம்பிமார், அதன் ஒலியைப் பெருக்கும் பெட்டியான அம்ப் வாங்கும்முன் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது, "எத்தனை மணிக்கு வாசிப்பீர்கள்?" பதில் பெரும்பாலும் ஒன்றுதான். வேலையோ ரியூஷனோ முடிந்து இரவு ஒன்பதுக்குப் பிறகு. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு மதிலும் ஒரு முருங்கையும்தான். அந்த நேரத்தில், பத்து வரை திரும்பும் சத்தக் குமிழ் ஒன்றரையைத் தாண்டினால், மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு மாமி மதிலால் எட்டிப் பார்த்து, "தம்பி, நேற்று நல்ல வாசிப்பு" என்பார். அது பாராட்டு இல்லை.

அந்த ஒன்றரையில் எந்த அம்ப் நன்றாகக் கேட்கிறதோ, அதைத்தான் வாங்க வேண்டும். கடையில் எல்லாரும் ஐந்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஐந்தில் எல்லா அம்பும் நல்ல பிள்ளைதான்.

படி 1: சொலிட்-ஸ்டேட் போதுமா?

போதும். பழைய முறையில் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் டியூப் அம்ப் அதன் இனிமையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால்தான் காட்டும். சொலிட்-ஸ்டேட்டில் டியூபுக்குப் பதில் டிரான்சிஸ்டரும் ஐசி எனும் சிப்பும். சுவிட்சைப் போட்டவுடன் வாசிக்கலாம், தேய்ந்துபோகும் டியூபை மாற்றும் செலவு இல்லை, சத்தத்தைக் குறைத்தாலும் குணம் அவ்வளவாக மாறாது. "அது மலிவுச் சாமான்" என்று யாராவது சொன்னால், 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 பற்றிச் சொல்லுங்கள். முழுக்க சொலிட்-ஸ்டேட். அதன் தெளிந்த ஒலிக்காகவே இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அறைக்குள் அது வேண்டாம், 120 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். மாமி வீடு மாறிவிடுவார்.

படி 2: வாட்டை விட்டு ஸ்பீக்கரைப் பாருங்கள்

10 வாட்டுக்குப் பதில் 20 வாட் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. கூடுவது 3 டெசிபெல்தான், கவனித்தால் தெரியும் அளவு. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட் வேண்டும். அறைக்குள் 10 வாட்டே தாராளம்.

ஸ்பீக்கரின் அளவு வேறு கதை. 3, 4 அங்குல ஸ்பீக்கரில் தடித்த ஆறாவது கம்பியைத் தட்டினால் 'டங்' என்று வர வேண்டியது 'டிக்' என்று வரும். 6 அல்லது 6.5 அங்குலத்தில் கொஞ்சம் உடம்பு வரும். 8 அங்குலம் என்றால் குறைந்த சத்தத்திலும் அடிச்சுரம் நிற்கும். ஃபெண்டர் ஃப்ரொண்ட்மேன் 10ஜி, ஒரேஞ்ச் க்ரஷ் 12 இரண்டிலும் 6 அங்குலம், வொக்ஸ் பாத்ஃபைண்டர் 10இல் 6.5, ஒரேஞ்ச் க்ரஷ் 20இல் 8. காசு இடம் கொடுத்தால் நான் 8 பக்கம்தான் சாய்வேன். கரண்ட் போகும் இரவுகளிலும் உப்புவெளிக் கடற்கரையிலும் வாசிக்கத்தான் ஆசை என்றால், ஆறு ஏஏ பற்றரியில் ஓடும் போஸ் கட்டானா மினி போன்றதை எடுங்கள். 4 அங்குலம்தான், தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

படி 3: பின்பக்கத் தகட்டைப் படியுங்கள்

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். கனடாவிலிருந்து வந்த மச்சான் தான் பாவித்த அம்பைக் கொண்டுவந்து தந்தார். தட்டைப் பின் பிளக். வீட்டில் கிடந்த டிராவல் அடப்டரில் சொருகி சுவிட்சைப் போட்டேன். ஒரு பெரிய 'ம்ம்ம்', பிறகு வார்னிஷ் கருகும் மணம், அவ்வளவுதான். தகட்டில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். நம்முடைய கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிராவல் அடப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது.

தகட்டில் 220-240 என்றோ, வெளியே வரும் அடப்டரில் 100-240 என்றோ இருந்தால் நம் வீட்டில் ஓடும். 120 மட்டும் என்றால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் "கொண்டுவரட்டா?" என்று கேட்டால், முதலில் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மூன்று துளை சொக்கற்றில் பேனா மூடியைக் குத்தி இரண்டு பின் பிளக்கைச் சொருகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மூன்று பின் உள்ள அம்புக்கு அந்த வித்தை வேண்டாம். அதற்கு எர்த் வேண்டும். கிற்றார் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது வழமைதான். ஆனால் கம்பியில் சுர்ரென்று ஏறினால் உடனே நிறுத்தி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள்.

படி 4: கடையில் பத்து நிமிடம்

உங்கள் கிற்றாரையே கொண்டுபோங்கள். கடைக்காரத் தம்பி விலை கூடிய கிற்றாரில் வாசித்துக் காட்டினால் அது அந்தக் கிற்றாரின் ஒலி. நான் கொழும்பில் வாங்கியபோது செய்தது இது.

பேஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் நடுவில் வைத்தேன். கெயின் (ஒலியை உறுமவைக்கும் குமிழ்) குறைவு, கிளீன் (உறுமல் இல்லாத) சனல். சத்தம் ஒன்றரை. ஈ மைனர் கோர்டை ஒருமுறை மெதுவாக இழுத்துவிட்டு, அது அடங்கும்வரை கேட்டேன். ஒரு அம்பில் கோர்ட் அடங்குமுன்பே 'ஸ்ஸ்' மேலே வந்தது. இன்னொன்றில் சத்தக் குமிழ் ஒன்று வரை பேசாமல் இருந்து, ஒன்றேகாலில் திடீரென்று குதித்தது. இரவில் வாசிப்பவருக்கு அப்படிப்பட்ட குமிழ் பெரிய தலையிடி. மூன்றாவதில் குமிழைத் திருப்பத் திருப்ப ஒலி படிப்படியாக ஏறியது. அதையே இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒலியை உறுமவைக்கும் ஓவர்டிரைவ் பொத்தானை அழுத்தி ஒரே கம்பியை வாசியுங்கள், அடுத்து இரண்டு கம்பியைச் சேர்த்து. சிறிய அம்ப்களில் ஓவர்டிரைவ் தேனீக் கூடு மாதிரி இரைவது உண்டு. கிளீன் நன்றாக இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பின்னால் ஒரு பெடல் (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி) வாங்கிச் சரிக்கட்டலாம். கிளீன் மோசமென்றால் எந்தப் பெடலும் காப்பாற்றாது. ரிவேர்ப், கோரஸ் போன்ற ஒலி அலங்காரங்கள், ட்யூனர் எல்லாம் இருந்தால் சந்தோஷம், அவ்வளவே.

இரைச்சல் கேட்டதும் அம்பைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் கிற்றாரில் கம்பியின் அதிர்வை எடுக்கும் பிக்கப் சிங்கிள்-கொயில் (ஒற்றைச் சுருள்) வகை என்றால், கிற்றாரைப் பிடித்தபடியே மெதுவாகச் சுற்றி நில்லுங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறையும். அப்படியானால் பிக்கப் அறையிலுள்ள ஏதோ ஒன்றிலிருந்து அதை வாங்குகிறது.

படி 5: ஹெட்போன் துளை

இல்லாவிட்டால் வாங்க வேண்டாம், கதை முடிந்தது. ஃபோனில் பாட்டுப் போட்டுக் கூடவே வாசிக்க ஓக்ஸ் துளையும் இருந்தால் நல்லது. அந்தப் பாட்டு ஸ்பீக்கரில் மூடிய மாதிரிக் கேட்டால் பழுதில்லை. கிற்றார் ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றும் தராது.

படி 6: ரெக்கோர்ட் பண்ணுவது

முதல் நாளே மைக் வாங்க ஓடாதீர்கள், ஃபோன் போதும். அம்பைத் தரையில் வைக்காமல் கதிரையில் வையுங்கள், தரையில் அடிச்சுரம் குழம்பும். ஃபோனை ஓரடி தள்ளி, ஸ்பீக்கர் கூம்பின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் நோக்கி வையுங்கள். நடுவுக்கு நேரே வைத்தால் கூர்மை கூடும், விளிம்புப் பக்கம் நகர்த்தினால் மங்கும். இரண்டு விரல் தூரம் நகர்த்தினாலே வித்தியாசம் கேட்கும். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்.

கணினியில் எடுப்பதென்றால், ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டியான ஓடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், மென்பொருளுக்கு இலவசமான ஓடாசிட்டியே போதும். அம்பின் ஹெட்போன் துளையிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் துளைக்கு எடுக்கலாம். ஆனால் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். க்ரஷ் 12இலும் 20இலும் இருக்கிறது. இல்லாத அம்பில் ஓவர்டிரைவ், தகரத்தில் ஆணி கீறுவது போல வரும்.

இங்கே நான் ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஹெட்போனில் அருமையாகக் கேட்கிறது, இன்டர்ஃபேஸில் ஒன்றுமே இல்லை. குற்றவாளி கேபிள். ஹெட்போன் துளை இடது, வலது இரண்டுக்கும் ஒரே ஒலியை அனுப்புகிறது. பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள கேபிளைப் போட்டால், இன்டர்ஃபேஸின் பலன்ஸ்ட் துளை அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எடுக்கும். ஒரே ஒலியில் வித்தியாசம் ஏது? ஒரு முனை ஸ்டீரியோ, மறுமுனை இரண்டு மோனோவாகப் பிரியும் ஒய்-கேபிளை வாங்கி, ஒரு மோனோவை மட்டும் சொருகினேன். வந்தது. சத்தத்தைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள், மென்பொருளின் அளவுகோலில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் சரி.

வாங்கி வந்தபின் ஒரு வேலை மிச்சம். நம் ஊர்க் கடற்காற்று உப்புக்கு கிற்றார் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்பின் குமிழ்களுக்கும் அதே கதிதான், திருப்பும்போது கரகரக்கத் தொடங்கும். கடற்பக்க ஜன்னலுக்கு நேரே வைக்காமல், வாசித்து முடித்துச் சூடு ஆறியதும் ஒரு பழைய துணியால் மூடிவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, கரண்டை நிறுத்திவிட்டு, எல்லாக் குமிழ்களையும் பூச்சியத்திலிருந்து பத்து வரை ஏழெட்டுத் தரம் திருப்புங்கள். அப்படியும் கரகரத்தால் எலெக்ட்ரோனிக்ஸ் கடையில் கொன்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கேளுங்கள்.